மிச்ச ஐந்து பிள்ளைகள்

(வேலணையில் தீவகப் பெற்றோர் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நெடுந்தீவிலிருந்தும் நயினாதீவிலிருந்தும் காலைப் படகைப் பிடித்து வந்திருக்கிற தாய்மாரே, தகப்பன்மாரே!

கடைசிப் படகு போவதற்குள் உங்களை விட்டுவிட வேண்டும் என்று அவைத் தலைவர் காதுக்குள் சொல்லியிருக்கிறார். ஆகவே சுற்றி வளைக்கவில்லை. தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைக்காக மூன்றாம் தரத்திலிருந்தே பிள்ளைகளை ரியூசனுக்கு விரட்டுகிறீர்கள். அதை நிறுத்துங்கள். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

முன்வரிசையில் ஓர் அம்மா பக்கத்தில் இருப்பவரிடம் என்ன சொல்கிறார் என்பது இங்கிருந்தே விளங்குகிறது: "இவருக்கென்ன, இவற்ற பிள்ளையள் படிச்சு முடிஞ்சுது." உண்மைதான் அம்மா. கொழும்பிலே இருக்கிறவருக்கு இந்தப் பரீட்சை ஒரு கௌரவம். நெடுந்தீவிலே இருக்கிற தாய்க்கு அது கௌரவம் இல்லை, வழி. விஞ்ஞான ஆசிரியர் இருப்பாரா, கணித ஆசிரியர் மாற்றலாகிப் போய்விடுவாரா என்று தெரியாத இடத்தில், பத்து வயதிலேயே பிள்ளையை யாழ்ப்பாணத்துக்கு ஏற்றிவிட்டால் தப்பிவிடும் என்று அவள் நினைப்பதில் பிழை இல்லை. அந்த நினைப்புக்கு அவளைத் தள்ளியவர்களோடுதான் எனக்கு வழக்கு.

இந்தப் பரீட்சை யாருக்காக வந்தது? சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது, 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அந்த மனிதரே அம்பலாங்கொடைப் பக்கத்துக் கிராமத்துப் பையன். புலமைப்பரிசில் பெற்றுக் காலி றிச்மண்ட் கல்லூரிக்குப் படிக்கப் போனவர். நகரத்துப் பெரிய கல்லூரிகளுக்கு ஈடான பள்ளிக்கூடம் கிராமத்துக்குள்ளேயே எழும்ப வேண்டும் என்று அவர் நின்றார். அப்படி வந்தவைதான் மத்திய பாடசாலைகள். கெட்டிக்கார ஏழைப் பிள்ளையை அங்கே சேர்த்து, விடுதியில் வைத்து, செலவும் கொடுத்துப் படிப்பிக்கத்தான் புலமைப்பரிசில். இந்த ஊர் மத்திய கல்லூரியும் அந்த மரபில் வந்ததுதான். அன்றைய பரீட்சை பிள்ளையைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிவந்தது. இன்றைய பரீட்சை பிள்ளையைக் கிராமத்திலிருந்து கிளப்பிக்கொண்டு போகிறது.

பிள்ளை மட்டுமா போகிறது? தாயும் போகிறாள். நகரத்தில் ஒரு வாடகை வீடு. தம்பியும் தங்கச்சியும் இங்கே பெயர் வெட்டி அங்கே சேர்கிறார்கள். ஆறாம் தரத்தில் ஒரு கதிரை வெறுமையாகிறது என்று நினைக்கிறோம், முதலாம் தரத்திலும் மூன்றாம் தரத்திலும் சேர்த்தே வெறுமையாகிறது. பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் ஆளணி குறையும். ஆசிரியர் குறைந்தால் அடுத்த வீட்டுக்காரரும் மூட்டை கட்டுவார். 1990க்குப் பிறகு போர் வெறுமையாக்கிய ஊர்கள் இவை. திரும்பி வந்து கூரை வேய்ந்து குடியிருக்கிறவர்களை இப்போது ஒரு பரீட்சை கிளப்புகிறது.

உதவிப்பணம் என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். குடும்ப வருமானம் குறைந்த பிள்ளைக்கு மட்டும், மாதம் 750 ரூபாயாக இருந்தது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 1,500 ஆக்குவதாக அறிவித்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஓர் அறை வாடகைக்கு அது காணுமா?

இனி வெட்டுப்புள்ளி. மாவட்டத்துக்கு ஒரு கோடு. நல்லூர்க் கோயிலடியில் குடியிருக்கிற பிள்ளைக்கும் நெடுந்தீவுப் பிள்ளைக்கும் அதே யாழ்ப்பாண மாவட்டக் கோடு. கோடு கீறியவருக்கு நடுவில் கடல் இருப்பது கண்ணில் படவில்லை. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலக் கடல். காற்றுக்காலத்தில் படகு ஓடாத நாளும் உண்டு. தினமும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்துபோகிற ஆசிரியர் எத்தனை மணிக்கு வகுப்புக்குள் நுழைவார், எத்தனை மணிக்குப் புறப்படுவார் என்பதை அதிபர் தீர்மானிப்பதில்லை, படகு தீர்மானிக்கிறது. ஆசிரியர்களை நான் குறைசொல்ல மாட்டேன். படுக்க ஒழுங்கான அறையும் குடிக்க நல்ல தண்ணீரும் கொடுக்காமல், அதிகஷ்டப் பிரதேசம் என்று கடிதத்தில் எழுதி அனுப்பினால் யார் தங்குவார்?

1970களில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தபோது இந்த மாவட்டம் கொதித்தது. பதினெட்டு வயதுப் பிள்ளையை ஒரே கோலால் அளக்கவில்லை, அது அநியாயம் என்றோம். நியாயமான கோபம்தான். ஆனால் படகில் ஆசிரியர் வருகிற பள்ளிக்கூடத்தையும், வீதிக்கு வீதி ரியூசன் இருக்கிற நகரத்தையும் ஒரே கோலால் அளந்து பத்து வயதுப் பிள்ளையைத் தரம் பிரிப்பது மட்டும் எங்களுக்கு எப்படி நியாயமாகப் பட்டது? இதற்கு எதிராக ஒரு கடையடைப்பு உண்டா, ஒரு மகஜர் உண்டா? நாங்கள் செய்ததெல்லாம் மாதிரி வினாத்தாள் அச்சடித்ததுதான்.

அந்த மாதிரி வினாத்தாள் ஒன்றை ஒரு வீட்டில் எடுத்துப் பார்த்தேன். பரீட்சையின் முதற் தாளில் நாற்பது வினா, ஒரு மணித்தியாலம். நிழற்பிரதி எடுத்துப் பின் அடித்த அந்தக் கட்டில், ஒவ்வொரு தாளின் வலது மூலையிலும் தாய் பென்சிலால் நிமிடம் குறித்திருந்தாள். 58. 55. 52. நாலாவது தாளில் 49 என்று எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள். பிள்ளை அந்தத் தாளில் பதினோரு வினாவைப் பிழையாகச் செய்திருந்தது. பிழைக்கு யாரும் வட்டம் போடவில்லை. நுண்ணறிவு வினா என்பது பிள்ளை யோசிக்க வேண்டிய வினா. நாங்கள் அதை யோசிக்காமல் செய்யப் பழக்குகிறோம். ஒரே விதமான உருவத்தொடரை இருநூறு தடவை செய்த பிள்ளை வேகமாகும், கெட்டிக்காரனாகாது.

ஒவ்வொரு வருடமும் நாடு முழுக்க மூன்று லட்சம் பிள்ளைகளுக்கு மேல் எழுதுகிறார்கள். ஆறு பேரில் ஏறத்தாழ ஒருவர்தான் வெட்டுப்புள்ளியைத் தாண்டுகிறார். தாண்டிய பிள்ளையின் படம் சந்தியில் பதாகையாகத் தொங்குகிறது, பத்திரிகையில் புள்ளியோடு வருகிறது. மிச்ச ஐந்து பிள்ளைகளும் அந்தச் சந்தியால்தான் பள்ளிக்கூடம் போய்வர வேண்டும். "எத்தனை எடுத்தனி?" என்று வழியில் கேட்கிற மாமாவுக்கும் மாமிக்கும் பதில் சொல்ல வேண்டும். 200இல் 130 எடுத்த பிள்ளை தலைகுனிந்து நிற்கிறது. நூற்றுக்கு அறுபத்தைந்து எடுத்த பிள்ளையை வேறு எந்தப் பரீட்சையில் தோற்றவன் என்கிறோம்?

பெரியவர்களின் பதற்றம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை 2024இல் கண்டோம். செப்டெம்பரில் நடந்த பரீட்சையின் முதற் தாள் வினாக்கள் சில முன்கூட்டியே வெளியாகின. பெற்றோர் வீதிக்கு இறங்கினார்கள், வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது, பெறுபேறு அடுத்த வருடம் வரை இழுபட்டது.

இங்கிலாந்திலும் பதினோரு வயதுப் பரீட்சை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்தார்கள். 1965இல் அங்கத்தைய அரசாங்கம் அந்தப் பிரிப்பைக் கைவிடும்படி உள்ளூர்க் கல்வி அதிகாரசபைகளைக் கேட்டது. பெரும்பாலான இடங்களில் கைவிட்டார்கள். கென்ற் போன்ற சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அங்கே போய் எங்கட ஆட்களும் பிள்ளைக்கு ரியூசன் பிடிக்கிறார்கள். கடல் கடந்தும் எங்களை விடவில்லை!

பரீட்சை எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுதட்டும். பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்து எழுதட்டும். விடுமுறையில் கிட்டி அடிக்கட்டும், கதைப்புத்தகம் வாசிக்கட்டும். பிள்ளையைத் தயார்படுத்துவது ஆசிரியரின் வேலை. பள்ளிக்கூடத்தைத் தயார்படுத்துவதுதான் பெற்றோரின் வேலை. வலயக் கல்விப் பணிமனை வாசலில் போய் நின்று, எங்கள் ஆரம்பப் பிரிவில் எத்தனை வெற்றிடம், எப்போது நிரப்புவீர்கள் என்று கேட்க ரியூசன் காசில் கால்வாசி கூடத் தேவையில்லை, பஸ் காசு போதும்.

வெளிநாட்டுச் சங்கங்களுக்கும் ஒரு சொல். லண்டனிலும் கனடாவிலும் பாரிஸிலும் இருந்து கருத்தரங்குக்கும் தங்கப் பதக்கத்துக்கும் அனுப்புகிறீர்கள். உங்கள் மனம் பெரிது, கும்பிடுகிறேன். அந்தக் காசை நெடுந்தீவிலும் அனலைதீவிலும் எழுவைதீவிலும் ஆசிரியர் தங்குகிற விடுதிக்குத் தாருங்கள். கழுவும் தண்ணீரும் குடிக்கும் தண்ணீரும் உள்ள விடுதி. ஆசிரியர் இரவு தங்குகிற தீவில் பிள்ளைக்கு நகரத்து வாடகை வீடு தேவைப்படாது.

தலைவரிடம் ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த வருடம் எங்கள் ஊர்களில் புலமைப்பரிசில் பதாகை கட்டுவதில்லை. பரிசளிப்பு விழாவில் பரீட்சை எழுதிய ஐந்தாம் தரப் பிள்ளைகள் எல்லாரையும் மேடைக்கு அழைப்பது, புள்ளி வாசிப்பதில்லை. அடுத்த மாதம் பெற்றோர் பத்துப் பேர் வெற்றிடக் கணக்கோடு பணிமனைக்குப் போவது. போக விரும்புகிறவர்கள் இப்போதே பெயர் கொடுங்கள். படகுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.