சந்தா நிறுத்துவதும் நம் கையில்தான்
(கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியது)



குழுவில் நாம் கட்டும் சந்தா நோட்டில் ஏறும். பிள்ளைகளுக்காக வாங்கிய படிப்புச் செயலியின் சந்தா அப்படியில்லை. முதல் மாதம் ஒரு ரூபாய் என்றார்கள், சரி என்றோம். பரீட்சை முடிந்ததும் செல்லில் இருந்து அழித்துவிட்டோம். ஆனாலும் பால் பணம் ஏறிய அன்றே கணக்கில் பிடித்துவிட்டார்கள்!

எங்கே தவறினோம்? செயலியை அழித்தாலும், நாம் கொடுத்த அனுமதி அழியாதுங்க. அதன் பெயர் 'ஆட்டோபே'. ஜிபே, போன்பேயில் அந்தப் பகுதியைத் திறந்து, நிறுவனத்தின் பெயரைத் தொட்டு ரத்து செய்ய வேண்டும். படிப்புச் செயலியிலும் சந்தாவை ரத்து செய்து, அந்தத் திரையைப் படம் எடுத்து வையுங்க.

2021 அக்டோபர் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, பணம் பிடிக்க 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளாதீங்க. அதே ஆண்டு டிசம்பரில் மத்திய கல்வி அமைச்சகமும், தானாகப் பணம் பிடிக்கும் முறையைத் தவிர்க்கச் சொன்னது. ரத்து செய்யும் வழியை மறைப்பதை 2023-ல் மத்திய அரசு தடை செய்தது. நிறுவனம் கேட்காவிட்டால், நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்க.

"பணத்தைத் திருப்பித் தருகிறோம்" என்று யார் கேட்டாலும் ரகசிய எண்ணைச் சொல்லாதீங்க.

அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் செல்லோடு வாங்க. ஒன்றாக உட்கார்ந்து பார்த்துவிடுவோம்.