பீரோச் சாவி



ஸ்தல ஸ்தாபனங்களில் புதிதாக உத்தியோகத்துக்கு வரும் வாலிபர்களை மேலதிகாரிகள் எப்படிப் பழக்க வேண்டும் என்பது பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறார்கள். சம்பளம் வாங்குகிறவன் சொன்னதைச் செய்ய வேண்டியதுதானே, இதில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். அப்படிப்பட்டவர்கள் முனிசிபல் ஆபீசில் ஒரு காகிதத்துக்காகக் கால் கடுக்க நின்றதில்லை.

நாம் நின்றிருக்கிறோம். வீட்டில் பிறந்த தன் குழந்தையைப் பதிவு செய்ய ஒரு கூலித் தோழர் 20-வது நாள் வந்தார். மேஜையில் இருந்தவர் பரீட்சை எழுதித் தேறி வந்த வாலிபர். "பெரியவர் லீவு, நாளைக்கு வாருங்கள்" என்றார். மறுநாளும் அதே பதில். அத்துடன் கெடு முடிந்தது. சட்டத்தைப் பார்த்தீர்களா என்று நாம் கேட்டோம். "புஸ்தகம் பீரோவில் இருக்கிறது, சாவி பெரியவரிடம்" என்றார். வேலைக்கு வந்து எட்டு மாதமாம்! தபாலுக்கு நம்பர் போடுவதைத் தவிர வேறொன்றும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

1969-ம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பிறகு தாமதக் கட்டணம். 30 நாள் கடந்தால் அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி. ஒரு வருஷம் கடந்தால் மாஜிஸ்திரேட் உத்தரவு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சேரவும், வோட்டர் பட்டியலில் ஏறவும், சர்க்கார் உத்தியோகத்துக்கும் அந்தச் சர்ட்டிபிகேட்டே பிறந்த தேதிக்கு ருஜு. ஒரு "நாளைக்கு வா" என்ன செய்யும் பாருங்கள்.

குற்றம் அந்த வாலிபருடையதா? இன்னார் படிக்கக் கூடாது என்று சாஸ்திரத்தைப் பூட்டிவைத்துப் பிழைத்தவர்களைக் கண்டிக்கிறோமே, சட்டத்தைப் பூட்டிவைக்கும் பெரியவர் மட்டும் எதில் உயர்த்தி?

இதற்கு நேர் எதிரான மேலதிகாரியும் உண்டு. எல்லாவற்றையும் பையன் தலையில் கட்டிவிட்டு, ஆடிட் வந்ததும் "அவன்தான் செய்தான்" என்று கையை விரிப்பார். இவர் முன்னவரை விட மோசம்.

நாம் கேட்பது இதுதான். சட்டத்தைக் கையில் கொடுங்கள். முடிவை அவரையே எழுதச் சொல்லுங்கள், காரணத்தோடு. தப்பானால் தனியாகக் கூப்பிட்டுத் திருத்துங்கள். ஜனங்கள் முன்னிலையில் திட்டாதீர்கள். நம் மாகாணத்தில் வருஷத்துக்கு 6 முறை கிராம சபை கூட வேண்டும் என்று ஏற்பாடு இருக்கிறது. அங்கே ஊராட்சி வரவு செலவை அந்த வாலிபரே வாசிக்கட்டும். தெருவிளக்கு ஏன் எரியவில்லை என்று ஒரு அம்மாள் எழுந்து கேட்டால் அவரே பதில் சொல்லட்டும். முதல் தடவை நாக்குக் குழறும், குழறட்டுமே!

"அவன் தப்புச் செய்தால் பழி எனக்கல்லவா வரும்?" என்பார்கள். வரும். கையெழுத்து உங்களுடையது, சம்பளமும் உங்களுக்குத்தான் அதிகம்.

இங்கே அப்படிப்பட்ட அதிகாரிகள் யாராவது வந்திருந்தால் மறுப்புச் சொல்லலாம். நாம் உட்கார்ந்து கேட்கத் தயார்.