தொடங்கும் நாள் எது?

(எமது மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

 

இளைஞரும் இலட்சியமும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு மன்றத்தார் எம்மைப் பணித்தனர். இலட்சியம் இல்லாத இளைஞர் எவரும் இச்சபையில் இருப்பதாக நாம் நினைக்கவில்லை. ஒருவர் ஆசிரியராக விரும்புகின்றார். ஒருவர் தாதியாக விரும்புகின்றார். இன்னொருவர் தந்தையின் வயலைப் புதிய முறையிற் செய்து காட்ட விரும்புகின்றார். ஆனால், "எப்போது தொடங்கப் போகின்றாய்?" என்று கேட்டால், "இன்னுங் கொஞ்சம் பொறுத்து" என்ற விடையே பெரும்பாலும் வருகின்றது. இதனைச் சோம்பல் என்று பெரியோர் சிலர் கடிந்து கொள்வர். எமக்கு அப்படித் தோன்றவில்லை. "இதற்கு நாம் தகுதியுடையவர்தாமா?" என்னும் ஐயமே அவ்விடையின் உள்ளே ஒளிந்திருக்கின்றது.

ஐயம் இல்லாத மனிதர் இலர். கற்றவர்க்கும் அஃது உண்டு. ஐயத்தோடு என்ன செய்தார்கள் என்பதிலேதான் ஒருவர்க்கும் மற்றவர்க்கும் வேறுபாடு காணப்படுகின்றது.

1880 ஆம் ஆண்டிலே, கும்பகோணம் கல்லூரியில் உ. வே. சாமிநாத ஐயர் தமிழாசிரியராக அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் பாடங் கேட்டவர். அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் புராணங்களும் கரைத்துக் குடித்தவர். அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியார் என்னும் பெரியவர், "சிந்தாமணி படித்திருக்கின்றீரா? சிலப்பதிகாரம், மணிமேகலை படித்திருக்கின்றீரா?" என்ற கருத்துப்பட வினவினார். இல்லை என்பதே ஐயரின் விடை. கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கு இது சிறிய அதிர்ச்சியன்று. ஏட்டைக் கையில் எடுத்தபோதும் பல இடங்கள் விளங்கவில்லை. சைவ மடத்திலே பயின்ற அவருக்குச் சமண சமயக் கருத்துக்கள் புதியன.

"நமக்கு இது வராது" என்று ஏட்டை மூடிவைக்க அவருக்கு நியாயம் இருந்தது. அவரோ கும்பகோணத்துச் சமணர் வீடு தேடிச் சென்று, அமர்ந்து, பாடங் கேட்டார். யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை பதிப்புத் துறையில் முன்னரே புகழ்பெற்றவர். அவரும் சிந்தாமணியைப் பதிப்பிக்க விரும்பிக் கேட்டார். "வல்லவர் ஒருவர் இருக்க நாம் எதற்கு?" என்று எண்ணி ஒதுங்குவதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் வேண்டுமா? ஐயர் ஒதுங்கவில்லை. 1887 இல் அவரது சீவகசிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. தெரியாது என்ற உணர்ச்சி அவரைக் கேட்டறியும்படி அனுப்பியது. அத்தகைய ஐயம் நமக்கு ஆசிரியன். "தெரியாது, ஆகையால் வேண்டாம்" என்று உட்கார வைக்கும் ஐயமே நமக்குப் பகைவன்.

இனி நம் மட்டக்களப்பு மண்ணுக்கு வருவோம். காரைதீவிலே 1892 இல் பிறந்த மயில்வாகனன் என்னும் பிள்ளை, கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் படித்தார். மிசன் பாடசாலையிற் படித்த எம்மைப் போன்றவர்க்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவது. அவர் ஆசிரியத் தொழில் செய்துகொண்டே தமிழும் விஞ்ஞானமும் கற்றார். 1916 இல் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதர் பரீட்சையிலே தேறினார். இலங்கையரில் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. 1920 இல், தமது 28 ஆம் வயதில், இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். 1924 இல் துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தர் ஆனார். 1929 இல் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. யாழ் என்னும் மறைந்துபோன இசைக்கருவியை ஏறக்குறைய 14 ஆண்டுகள் ஆராய்ந்து எழுதிய "யாழ் நூல்" 1947 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே அரங்கேறியது. அடுத்த மாதம் 19 ஆந் திகதி சுவாமிகள் இறைவனடி சேர்ந்தார்.

அன்பர்களே, இந்த ஆண்டுகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். இன்னும் ஒரு வருடம் பொறுத்துத் தொடங்கியிருந்தால் அந்நூல் நமக்குக் கிடைத்திருக்குமா? இன்னுமோர் உண்மையும் உண்டு. யாழ் நூலுக்கு அடிநிலமாய் அமைந்தது சிலப்பதிகாரம். அதனை அடியார்க்குநல்லார் உரையோடு அச்சேற்றித் தந்தவர் முன்சொன்ன சாமிநாத ஐயரே. அச்சேறிய ஆண்டு 1892. காரைதீவிலே அப்பிள்ளை பிறந்த அதே ஆண்டு! கும்பகோணத்தில் ஒருவர் தம் ஐயத்தை வென்று தொடங்கிய வேலை, கடல் கடந்து பிறந்த ஒரு குழந்தைக்காகக் காத்திருந்தது. நாம் தள்ளிப்போடும் வேலையும் நமக்கு மட்டும் உரியதன்று. அதனை நம்பி யாரோ ஒருவர் இனிமேற் பிறக்க இருக்கின்றார்.

"ஆழம் அறியாமற் காலை விடலாமா?" என்று பெரியோர் கேட்பது எமக்குக் கேட்கின்றது. நியாயமான கேள்வி. திருவள்ளுவரும் தெரிந்துசெயல்வகை, வலியறிதல் என்னும் அதிகாரங்களை முன்வைத்து, அவற்றின் பின்னரே காலமறிதலை வைத்தார். ஆனால், வலியை அறிவது எப்படி? வீட்டுத் திண்ணையில் இருந்து தன் தோள்வலியை அறிந்தவன் எவனுமில்லை. மண்வெட்டியைப் பிடித்த பின்புதான் அது தெரியும். ஆகையாற் சிறிய அளவிலே தொடங்குவதும் வலியறிதலே.

அப்படியானால் தொடங்கும் நாளை எவ்வாறு குறிப்பது? இதனை நாம் புத்தகத்திலே தேடவேண்டியதில்லை; உன்னிச்சைக் குளத்துக் கமக்காரரிடம் கேட்டாற் போதும். போகம் தொடங்குமுன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகின்றது. குளத்தில் எவ்வளவு நீர் உண்டு, எத்தனை ஏக்கர் செய்யலாம், துருசு திறக்கும் நாள் எது, விதைப்புக்குக் கடைசி நாள் எது என்றெல்லாம் அங்கே தீர்மானிக்கப்படுகின்றன. அந்த நாளைக் குறிப்பது பருவமும் நீருமாகும். "எனக்கு இன்னும் நம்பிக்கை பிறக்கவில்லை" என்று ஒரு கமக்காரர் எழுந்து சொன்னால் துருசு மூடிக் கிடக்குமா? நீர் குறைவாயின் ஏக்கரைக் குறைப்பர். போகத்தை வீணாக விடார். பெரும்போகத்திலும் அப்படியே. காலந்தாழ்த்தி விதைத்தவரின் இளம்பயிரை மாரி வெள்ளம் மூடிவிடும்.

ஒவ்வோர் இளைஞரும் தம்முடன் தாமே இத்தகைய கூட்டம் ஒன்றைக் கூட்டுதல் வேண்டும். கையில் உள்ளது என்ன? அதற்கேற்ற அளவு எது? தொடங்கும் நாள் எது? கடைசி நாள் எது? இவற்றைக் கடதாசியில் எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். கணிதத்தில் இருமுறை தவறியவர் நாள்தோறும் ஒரு மணிநேரத்தோடு தொடங்கட்டும். தையல் பழக விரும்பும் தங்கை ஒரு துண்டுத் துணியோடு தொடங்கட்டும்.

காலம் கடந்துவிட்டது என்று எண்ணுவோரும் நம்மிடையே உளர். 2007 ஆம் ஆண்டு இடப்பெயர்விலே, படுவான்கரையிற் புத்தகத்தையும் பாடசாலையையும் விட்டு ஓடிய பிள்ளைகள் இன்று தாய் தந்தையராய் இங்கே அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் நிறுத்தியது தம் விருப்பினாலன்று. அண்ணன்மாரே, அக்காமாரே, பெரும்போகம் தவறிய வயலிற் சிறுபோகம் செய்வதில்லையா? உங்கள் பிள்ளை படிக்கும் விளக்கின் கீழே நீங்களும் ஒரு புத்தகத்தை விரியுங்கள்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். "உன்னால் முடியுமா?" என்ற கேள்வியை இளைஞர் தம்மிடமே நாள்தோறும் கேட்டுக் களைத்திருக்கின்றனர். நீங்களும் அதனையே கேளாதீர்கள். "எந்த நாளிலே தொடங்குகின்றாய்? நாங்கள் என்ன உதவி செய்யவேண்டும்?" என்று கேளுங்கள். அதுவே துருசைத் திறப்பது போன்ற உதவியாகும்.

இம்மன்றத்தின் அடுத்த ஆண்டு மலர் வெளிவரும்போது, இன்று நாட் குறித்த ஒருவரேனும் தம் விளைச்சலைப் பற்றி அதில் எழுதுவாராக.