காலிக் கல்வெட்டும் திறைக் கோட்பாடும்

 

சீனத்தின் பழைய வெளியுறவு முழுவதையும் திறை என்ற ஒன்றைக் கொண்டே விளக்கிவிடலாம் என்று சக ஆய்வாளர் பலர் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். நடுவில் பேரரசர், சுற்றிலும் பணிந்து நிற்கும் நாடுகள். ஜான் கிங் ஃபேர்பேங்க் 1968இல் தொகுத்த நூலுக்குப் பின் இது பாடமாகவே ஊன்றிவிட்டது. நான் இதை ஏற்பதில்லை என்பது இந்த அவையில் பாதிப்பேருக்குத் தெரியும். காரணத்தை விரித்துச் சொல்ல இன்றுதான் வாய்த்தது.

கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு கல் நிற்கிறது. 1911இல் இலங்கையின் காலி நகரில் மதகு மூடியாகக் குப்புறக் கிடந்தபோது கண்டெடுக்கப்பட்டது. தலைப்பில் எதிரெதிராக இரண்டு டிராகன்கள். கீழே மூன்று மொழிகள். மிங் பேரரசர் யொங்லோவின் பெயரால் கடற்படைத் தலைவர் செங் ஹே நிறுவியது. அதிலுள்ள நாள் 1409 பிப்ரவரியில் விழுகிறது. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தீவின் தென்கரையிலுள்ள தெவிநுவரையில் கோயில்கொண்ட தேனாவரை நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இசுலாமியருக்குரியது. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டு, நறுமண எண்ணெய், மெழுகுவர்த்தி என்று மூன்று தரப்புக்கும் கிட்டத்தட்ட ஒரே காணிக்கைப் பட்டியல்.

இங்கே கொடுப்பவர் யார், வாங்குபவர் யார்? அயல்நாட்டுத் தெய்வத்தின் முன் பேரரசர் நேர்ச்சை செலுத்துகிறார். பெரியவர் சிறியவருக்கு அருளும் கொடைதானே இது என்பது நண்பர்களின் வழக்கமான பதில். அப்படியானால் சீனத்தில் எழுதியதே போதுமே! துறைமுகத்தில் யார் யாருக்குச் செல்வாக்கு என்று விசாரித்தறிந்து, அவரவர் மொழியில், ஒருவருக்கும் குறைவைக்காமல் கொடுக்க வேண்டிய அவசியம் என்ன? 1344இல் இலங்கைக்கு வந்த பயணி இப்னு பதூதா, தெவிநுவரைக் கோயிலில் ஆயிரம் அந்தணர் இருந்ததாகச் சொல்கிறார். அத்தகைய கோயிலின் தயவு கப்பலோட்டிக்குத் தேவைப்பட்டது. 1588இல் போர்த்துக்கீசியர் அதை இடித்துத் தள்ளிவிட்டதால்தான் அதன் வலிமை நம் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

1411இல் இதே செங் ஹே இலங்கையை ஆண்ட அழகேசுவரனைச் சிறைபிடித்து நான்ஜிங்குக்குக் கொண்டுபோனாரே என்பார்கள். உண்மை. அந்தப் பயணங்களை வெறும் நட்புப் பயணம் என்று பூசி மெழுகுவோரோடும் எனக்கு உடன்பாடில்லை. ஒரே தீவில் கோயிலுக்குக் காணிக்கை, அரசனுக்கு விலங்கு. ஒரே விதியில் இரண்டையும் அடக்க முடியாது என்பதுதான் என் வாதம்.

காலிக் கல்வெட்டின் தமிழை எழுதியவர் யார்? 1407இல் மிங் அரசு நிறுவிய மொழிபெயர்ப்புப் பணியகத்தில் பாரசீகப் பிரிவு இருந்தது. தமிழ்ப் பிரிவு இல்லை. சீனத் துறைமுகமான சுவான்சோவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அங்கிருந்த வணிகக் குடிகளின் வழிவந்த ஒருவராக இருக்கலாம் என்பது என் ஊகம்.

திறைக் கோட்பாட்டுக்குச் சான்றாகச் சோழர் தூதுகளையும் காட்டுவதுண்டு; அவை 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனத்துக்குப் போயின. சீனப் பதிவுகள் அவற்றைத் திறை என்றே எழுதுகின்றன; அது வரவேற்றவரின் கணக்கு மட்டுமே.  இனிச் செய்ய வேண்டியவை சில: இளைய ஆய்வாளர்கள் மிங் ஆண்டுக்குறிப்புகளைச் சீனத்திலேயே படிக்க வேண்டும். கல்வெட்டறிஞர் பரணவிதான 1933இல் பதிப்பித்த காலிக் கல்வெட்டின் தமிழ்ப் பகுதியைப் புதிய ஒளிப்படங்களோடு ஒப்பிட்டு மறுபதிப்புச் செய்ய வேண்டும். தேய்ந்துபோன பாரசீக வரிகளுக்கும் அதையே செய்யலாம். சுவான்சோவில் கிடைத்த இந்துச் சிற்பங்களைப் பற்றித் தனியே ஓர் ஆய்வேடு எழுதவும் இடமிருக்கிறது.