தனித்து நில், இணைந்து செய்!



புதியதொரு பொருளைப் பலர் கூடி உருவாக்கும்போது, அவரவர் வேலையில் எவ்வளவு சுதந்திரம் வேண்டும், ஒருவரை ஒருவர் எந்த அளவுக்குச் சார்ந்து நிற்க வேண்டும் என்பதுபற்றி இன்று சில கருத்துகளைக் கூற விழைகிறோம்.

ராசிங்காபுரத்தார்க்கு இது புரியாத பொருளன்று. போடிமெட்டு ஏறி ஏலக்காய் பறித்து வருவோர் நம்மில் பலர். காயைப் பதமறிந்து பறிக்க வேண்டும். காலந்தாழ்த்தாமல் உலர்த்த வேண்டும். சூடு மிகுந்தால் பச்சை நிறம் கெடும். நிறம் கெட்டால் ஏலத்தில் விலை விழும். ஒரு கை பிழைத்தால் அடுத்த கையின் உழைப்பும் வீண். ஆயினும், பிழை எங்கே நேர்ந்தாலும் பழி பெரும்பாலும் கூடை சுமந்தவர் தலையிலேயே விழுகிறது. தம் வேலைக்கு முன்னும் பின்னும் நடப்பதை அறியும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்காததால், அவரால் மறுத்துரைக்கவும் இயலுவதில்லை.

இதே சிக்கலை வேறு வகையில் தீர்த்துக் காட்டியது நம் நாட்டின் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் திட்டம். இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அதன் திட்ட இயக்குநர். 22 மீட்டர் உயரமும் 17 டன் எடையும் கொண்ட அந்த ராக்கெட்டுக்கு நான்கு நிலைகள். ஒவ்வொன்றையும் தனித்தனிக் குழு வடித்தது.

நான்காம் நிலையின் கதையைக் கேளுங்கள். பிரெஞ்சு நாட்டின் தியமான் ராக்கெட்டுக்கும் அது பொருந்த வேண்டும் என்று முடிவாயிற்று. 400 மில்லிமீட்டர் விட்டம் 650 ஆயிற்று. 250 கிலோ எடை 600 ஆயிற்று. உச்சியில் சுமை கூடினால் கீழுள்ள நிலைகளின் கணக்கும் மாறும் அல்லவா? ஒரு குழுவின் மாற்றம் மற்றக் குழுக்களின் வேலையாகவும் ஆகிறது. பின்னர் பிரெஞ்சுக்காரர் தம் திட்டத்தையே கைவிட்டனர். ஆனால் உழைப்பு வீணாகவில்லை. அந்த நிலையே சிறிது மாற்றப்பட்டு, 1981 சூன் 19 அன்று ஏவப்பட்ட ஆப்பிள் செயற்கைக்கோளை அதன் உரிய பாதைக்கு உயர்த்தும் மோட்டார் ஆயிற்று. தனியலகாக நிற்கத்தக்கது வேறிடத்தும் பயன்படும்.

மறுபக்கமும் உண்டு. 1979 ஆகஸ்டு 10 அன்று முதல் நிலை செவ்வனே இயங்கியது. இரண்டாம் நிலை கட்டுப்பாட்டை இழந்தது. 317 விநாடிகளில் ராக்கெட் கடலில் வீழ்ந்தது. காரணம், ஒரு வால்வில் படிந்த தூசு! வால்வு மூடாமல் அமிலம் கசிந்து போயிற்று. ஏனைய குழுக்களின் உழைப்பனைத்தும் அந்தத் தூசுக்குப் பலியாயிற்று.

அன்று பத்திரிகையாளர்முன் பொறுப்பைத் தாமே ஏற்றவர் நிறுவனத் தலைவர் சதீஷ் தவான். 1980 சூலை 18 அன்று 35 கிலோ ரோகிணி விண்சுற்றில் நின்றபோதோ, கலாமைப் பேசச் சொல்லித் தாம் ஒதுங்கி நின்றார். பழி மேலே ஏற வேண்டும். புகழ் கீழே இறங்க வேண்டும். மலைத் தோட்டங்களில் நாம் கண்டது இதற்கு நேர்மாறு.

இளைஞர்களே! தொழிற்சாலைக்கோ அலுவலகத்துக்கோ நாளை நீங்கள் செல்லும்போது, கொடுத்த வேலையை மட்டும் முடித்துத் திரும்பாதீர்கள். இது யாரிடமிருந்து வந்தது, யாரிடம் போகிறது, நாம் ஒன்றை மாற்றினால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். வேலை செய்யும் முறையை மாற்றத் தயங்க வேண்டாம். அடுத்தவரோடு இணையும் இடத்தை மட்டும் அவரறியாமல் மாற்றாதீர்கள். இக்கேள்விகளைக் கேட்கத் தெரிந்தவனை எவரும் வெறுங்கையாள் என்று ஒதுக்க இயலாது.

நம் சங்கத்துக்கும் இதுவே நெறியாகட்டும். முழு வேலையையும் அறியும் கண்ணே கல்வி. அக்கண்ணைப் பெற்ற பிள்ளைகள் நம் ஊரிலிருந்து பெருகட்டும்.