மாணவர் தொண்டு: மனதுக்கா? மதிப்பெண்ணுக்கா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, 'ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா' என்று பேர் வாங்கிய ஊரிலே கூடியிருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டார். "இந்தக் காலத்துப் பையன் சான்றிதழ் கிடைக்கும்னாதான் மண்வெட்டியைத் தொடுவான்" என்றார். பாதி உண்மை. (எதிரணியில் கைதட்டல்) அவசரப்படாதீங்க, மீதிப் பாதி என்கிட்ட இருக்கு!

நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ல், காந்தி நூற்றாண்டிலே வந்தது. வருஷத்துக்கு 120 மணி நேரம், அப்புறம் ஏழு நாள் முகாம். அதற்கு அலுவலராக இருந்தவன் நான். ஒரு கிராமத்தில் மரக்கன்று நட்டோம். அடுத்த வருஷம் போனால் குழி இருக்கு, கன்றைக் காணோம். ஆடு தின்றுவிட்டது. அதே குழியில் மறுபடி நட்டோம். மூன்றாம் வருஷமும் அதே குழி! ஊர்ப் பெரியவர் ஒருத்தர் கேட்டார்: "ஐயா, நீங்க மரம் வளர்க்கிறீங்களா, குழி வளர்க்கிறீங்களா?" (சிரிப்பு)

சிரிக்கிறீங்க. அறிக்கை எழுதியவன் நான். மூன்று வருஷமும் 'மரம் நட்டோம்' என்றுதான் எழுதினேன். பொய் இல்லை, நட்டோம். தண்ணீர் ஊற்ற ஆள் வைக்கவில்லை என்பதை எழுதவில்லை. இதில் பையன் மேல் என்னங்க தப்பு? எட்டாம் நாள் அவனை பஸ் ஏற்றி விட்டது நாங்கள்தானே!

இப்போ சென்னைக் கடற்கரைக்கு வாங்க. பங்குனி ஆமை என்று மீனவர் சொல்வார்கள். ராத்திரியில் கரையேறி, மணலில் குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல் இட்டு, மூடிவிட்டுப் போய்விடும். காவல் கிடையாது. நாய் தோண்டித் தின்னும். அந்த முட்டைகளைக் காக்கும் வேலையை 1988-ல் மாணவர்கள் கையில் எடுத்தார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர், நள்ளிரவு, மணலில் நடை. முட்டைகளை எடுத்துவந்து வேலி போட்ட இடத்தில் புதைத்து, ஒன்றரை மாதத்துக்கு மேல் காத்திருந்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். கோஸ்டாரிகா கரையிலும் இதே வேலைக்குப் பல தேசத்து மாணவர்கள் ராத்திரி நடக்கிறார்கள்.

படிப்பு முடிந்து ஒருவன் போகிறான். அவனிடம் கற்றவன் அடுத்த வருஷம் நடக்கிறான். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாச்சு. என் குழிக்குக் கிடைக்காத ஆள் அந்தக் குழிக்குக் கிடைத்திருக்கிறான், நடுவர் அவர்களே! (கைதட்டல்)

"ஆமை சாவது நின்றதா?" என்பீர்கள். நிற்கவில்லை. 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கினால் மூச்சுவிட மேலே வர முடியாது. நடந்துகொண்டிருந்தவர்கள் நாற்றத்தோடு நின்று அவற்றையும் எண்ணினார்கள். சங்கதி பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. எண்ணிச் சொல்ல ஆளில்லாவிட்டால் மண் மூடியிருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று. பொரித்த குஞ்சு வெளிச்சம் பார்த்துத்தான் நகரும். இருட்டில் கடல்பக்கம்தான் வெளிச்சம். நாம் தெருவிளக்கைப் போட்டோம். அது கடலை விட்டு ரோட்டுக்கு வருது. நாம் சான்றிதழைக் காட்டினோம். பையன் அந்தப் பக்கம் வந்தான். விளக்குப் போட்டவன் யாருங்க?

எதிரணித் தலைவரே, பங்குனி ஆமை நம்ம ஜில்லாக் கரைக்கும் வருது. பூம்புகார் இங்கேயிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லை. ஒரு ராத்திரி என்னோடு வாங்க. டார்ச் லைட்டை மட்டும் வீட்டிலேயே வச்சுட்டு வாங்க!