உல்கும் புலிப்பொறியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பட்டினப்பாலை பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது, தலைவனின் காதலையோ கரிகாலனின் வீரத்தையோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் பேச வந்திருப்பதோ சுங்கத்தைப் பற்றி. அதற்குக் காரணம் ஒரு புத்தகக் கட்டு.

சில ஆண்டுகளுக்கு முன், நம் வட்டத்தின் கவிதைத் தொகுப்பில் பன்னிரண்டு படிகளைப் பினாங்கிலுள்ள தோழிக்கு அஞ்சலில் அனுப்பினேன். சுங்க அறிவிப்புப் படிவத்தில் பொருளின் விவரம், எடை, மதிப்பு ஆகியவற்றை எழுத வேண்டும். விவரத்தில் 'கவிதை' என்றும், மதிப்பில் 'இல்லை' என்றும் எழுதினேன். விற்பனைக்கு அன்று என்பதே என் கருத்து. சற்றே செருக்கும் இருந்தது. ஏழு வாரம் கழித்துக் கட்டு என் வாசலுக்கே திரும்பிவிட்டது. விவரம் போதாது என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பிழை என்னுடையதே. பட்டினப்பாலையைப் பல்லாண்டு பாடம் சொன்ன ஒருத்தி செய்திருக்கக் கூடாத பிழை.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துத் துறையைப் பாடும்போது, கரையேறும் பண்டம், கடலிறங்கும் பண்டம் என இரண்டையும் பிரித்தே காண்கிறார். முகில் முகந்த நீர் மலையிற் பொழிந்து மீண்டும் கடல் சேரும் சுழற்சியை அதற்கு உவமையாக்குகிறார். அளவறியாமல் குவிந்த பண்டங்களின்மீது சோழரின் புலி இலச்சினை விழுகிறது. விழுந்த பின்னரே அவை புறத்தே செல்கின்றன. அரசனின் பொருளைக் காக்கும் அலுவலர்கள், கதிரவனின் தேரிற் பூட்டிய குதிரைகளைப்போல் நாள்தோறும் சோர்வின்றி உல்கு கொள்கின்றனர். (சுங்கத்துறையினர் இவ்வுவமையை மகிழ்ந்து ஏற்பர். வரிசையில் நிற்பவர் ஏற்பரா என்பது வேறு செய்தி.)

வகுப்பறையில் நாம் மழை உவமையை வியக்கிறோம். பொறித்தலுக்குச் சொற்பொருள் கூறி நகர்ந்துவிடுகிறோம். என் நோக்கில் அப்பகுதியின் உயிர் பொறித்தலில் இருக்கிறது. குவியலாகக் கிடக்கும்வரை அது வெறும் குவியல். இலச்சினை பட்டவுடன் கணக்கிற்குள் வந்த பண்டமாகிறது. வழிச்செல்லும் உரிமையும் பெறுகிறது. இதே புலவர் பெரும்பாணாற்றுப்படையில், மிளகுப்பொதி சுமக்கும் கழுதைகள் செல்லும் உல்குடைய பெருவழியை வில்லேந்தியோர் காப்பதைப் பாடுகிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால், உல்கு கொள்பவன் வழியைக் காக்கவும் கடமைப்பட்டவன் என்பது தெளியும்.

அக்காலக் கடல் வாணிகத்தின் மறுகரைச் சான்று ஒன்று வியன்னாவில் உள்ளது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்கமொழிப் பாப்பிரசுத் தாள் அது; 1985-இல் பதிப்பிக்கப்பட்டது. ஒரு பக்கத்தில் முசிறி வாணிகத்தோடு தொடர்புடைய கடன் ஒப்பந்தம். மறுபக்கத்தில் எர்மபொல்லோன் என்னும் கலத்தில் வந்த சரக்குகளின் மதிப்பு: கங்கைச் சடாமாஞ்சில், யானைத் தந்தம், துணி. செங்கடற் கரையிலிருந்து ஒட்டகத்தில் கொப்டோசுக்கும், அங்கிருந்து நைல் வழியே அலெக்சாந்திரியாவுக்கும் சரக்குச் செல்லவேண்டும். கிடங்கில் கடன் கொடுத்தவரின் முத்திரையின்கீழ் இருக்கவேண்டும். நான்கில் ஒரு பங்கு வரி. அவ்வளவு வரியையும் தாங்கி நம் கரையோடு வாணிகம் நடந்திருக்கிறது. புலவர் பாடியதும் கணக்கர் எழுதியதும் முத்திரையில் வந்து சந்திப்பதைக் கண்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

இன்று புலியின் இடத்தில் எண்கள். 1988 முதல் நடைமுறையிலுள்ள உலகப் பொது வகைப்பாட்டில் பண்டம் ஒவ்வொன்றும் ஓர் ஆறிலக்க எண்ணில் அடங்கும். அச்சிட்ட நூல்கள் 49-ஆம் அத்தியாயத்தைச் சேர்ந்தவை. அகராதிக்குத் தனி எண் உண்டு; குழந்தைகளின் படப்புத்தகத்திற்கும் உண்டு. கவிதைக்குத் தனி எண் இல்லை. கவிஞர் பெருமக்கள் வருந்த வேண்டா. ஆய்வு நூலுக்கும் இல்லை.

மதிப்பு எழுதும் இடத்திற்கு வருகிறேன். பட்டினப்பாலைக்குப் பரிசில் பதினாறு நூறாயிரம் பொன் என்கிறது கலிங்கத்துப்பரணி. அப்பரணியின் தலைவன் முதற் குலோத்துங்கனே 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் பெயர் பெற்றவன் என்பது சுவையான பொருத்தம். பொன்னின் தொகை மிகை என்பர் சிலர். மிகையாகவே இருக்கட்டும். ஒரு பாட்டிற்கு எதிரே ஒரு தொகையை எழுத நம் மரபு கூசவில்லை.

"பட்டினப்பாலைத் தலைவனே அந்நகரம் முழுவதும் கிடைத்தாலும் தலைவியைப் பிரியேன் என்கிறானே, அவனைப்போல நீங்களும் பொருளைப் பொருட்படுத்தவில்லை" என்று என் மாணவி ஒருத்தி ஆறுதல் கூறினாள். அழகான வாதம்; ஆனால் ஏற்பதற்கில்லை. கடல்வழி வந்த குதிரை, வண்டியில் வந்த மிளகு, வடமலைப் பொன், குடமலைச் சந்தனம், தென்கடல் முத்து, ஈழத்து உணவு, காழகத்து ஆக்கம் என ஒன்றுவிடாமல் எண்ணிக் காட்டிய பின்னரே பாட்டு, வேண்டேன் என்னும் முடிபிற்கு வருகிறது. நான் எண்ணவே மறுத்தேன். உழைத்து அச்சிட்ட நண்பர்களின் நூலுக்கு மதிப்பில்லை என்று என் கையாலேயே எழுதினேன்.

இரண்டாம் முறை, 'அச்சிட்ட தமிழ் நூல், பன்னிரண்டு படிகள்' என்று எழுதி, விலையையும் எடையையும் குறித்தேன். கட்டுச் சேர்ந்தது. பதினொரு படிகளைப் பகிர்ந்துவிட்டதாகவும், தனக்குரிய படியை யாரோ இரவல் பெற்றுச் சென்று திருப்பித் தரவில்லை என்றும் தோழி எழுதியிருந்தார்.

வெளிவரவிருக்கும் பத்தாம் ஆண்டு மலரையும் கடல் கடந்த அன்பர்களுக்கு அனுப்பவிருக்கிறோம். மலரில் விலையை அச்சிட மறவாதிருக்கச் செயலாளரை வேண்டுகிறேன். படிவங்களை நானே நிரப்பித் தருகிறேன்.